பாய்மரப் படகில் பகலவன் மின்சாரம்

நுழையும்முன்

கரையில் மின்சாரம் நின்றுபோனால் மின்வாரிய ஊழியரின் வருகைக்காகக் காத்திருக்கலாம். நடுக்கடலில் செல்லும் பாய்மரப் படகிற்கு அந்த வாய்ப்பில்லை. அங்கே சூரிய ஒளித்தகடும் பேட்டரியும் அவற்றிற்கு இடையே நிற்கும் சிறு கருவியும் சேர்ந்து இரவின் விளக்குகளைக் காக்கின்றன. அக்கருவி செய்யும் பணி யாது? தகட்டின்மேல் எழுதப்பட்டுள்ள எண்கள் எதைக் கூறுகின்றன? இப்பாடம் அவற்றை விளக்குகிறது.

1968ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து ‘சுஹைலி’ என்னும் பாய்மரப் படகு புறப்பட்டது. மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட அப்படகின் நீளம் 10 மீட்டருக்கும் குறைவு. அதில் பயணம் செய்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே. எத்துறைமுகத்திலும் நில்லாமல் 312 நாள்களில் உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22 அன்று அவர் ஃபால்மத்திற்கே திரும்பினார். தனியொருவர் இடைநில்லாது உலகைச் சுற்றிவந்தது அதுவே முதன்முறை. பயணத்தின் இடையில் அவருடைய வானொலிக் கருவி செயலிழந்தது. அதன்பின் பல மாதங்கள் அவரைப் பற்றிய செய்தியே உலகிற்குக் கிட்டவில்லை. அவர் உயிருடன் இருக்கிறாரா என்பதுகூட ஐயத்திற்குரியதாயிற்று.

காற்று படகை நகர்த்தும். ஆனால் விளக்கை ஏற்றாது. சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை, கடலில் செல்லும் பாய்மரப் படகு இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, பின்புறம் வெள்ளை விளக்குகளைக் காட்ட வேண்டும் என்பது பன்னாட்டு விதி. பெருங்கப்பல் ஒன்று இருளில் விரைந்து வரும்போது, முன்னே ஒரு சிறுபடகு இருப்பதை அதற்கு உணர்த்துபவை இவ்விளக்குகளே. அவற்றோடு வானொலி, இடங்காட்டி, தானே திசையைக் காத்துச் செலுத்தும் தானியங்கிச் சுக்கான் ஆகியவையும் இன்றைய படகுகளில் உள்ளன. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்ட இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’, 17 மீட்டர் நீளமே உடைய பாய்மரப் படகு. கே. தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ஏ. ரூபா ஆகிய இரு கடற்படை அதிகாரிகள் மட்டுமே அதனைச் செலுத்தி, நான்கு துறைமுகங்களில் தங்கி, 2025 மே 29 அன்று உலகைச் சுற்றித் திரும்பினர். இருவர் மட்டுமே செல்லும் நெடும்பயணத்தில், ஒருவர் உறங்கும்போது மற்றவருக்குத் துணையாவன கருவிகளே. கருவிகளுக்கோ மின்சாரம் வேண்டும்.

எஞ்சினை ஓட்டி மின்சாரம் பெறலாம். ஆனால் டீசல் ஏற்றிவந்த அளவே கிடைக்கும். எனவே நெடும்பயணம் செல்வோர் பலர் சூரிய ஒளித்தகட்டை நாடுகின்றனர்.

தகடு பேசும் எண்கள்

ஒளி பட்டால் மின்சாரம் தோன்றும் என்பதை 1839ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கெரல் கண்டறிந்தார். எனினும், பயன்பாட்டிற்கு உகந்த சிலிக்கன் ஒளிமின்கலம் 1954இல்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாயிற்று. தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அது மின்னாற்றலாக்கியது. 1958இல் ‘வான்கார்டு 1’ என்னும் செயற்கைக்கோளில் ஏறி அது விண்வெளிக்குச் சென்றது. கடலோடிகளின் கைக்கு எட்டும் விலைக்கு வர அதன்பின் நெடுங்காலம் ஆயிற்று.

சிலிக்கன் மின்கலம் ஒன்று, அளவில் பெரியதாயினும் சிறியதாயினும், நன்கு இயங்கும் நிலையில் ஏறத்தாழ அரை வோல்ட் மின்னழுத்தமே தரும். பரப்பைக் கூட்டினால் மின்னோட்டம் கூடுமேயன்றி மின்னழுத்தம் கூடாது. ஆகவே பல மின்கலங்களைத் தொடரிணைப்பில் கோத்துத் தகடாக்குகின்றனர். படகுகளில் பரவலாகக் காணப்படும் தகட்டில் 36 மின்கலங்கள் இருக்கும். கடைக்காரர் அதனை ‘12 வோல்ட் தகடு’ என்பார். ஆனால் அதன் பின்புறம் ஒட்டியுள்ள தாளைப் படித்தால் 12 என்னும் எண்ணையே காண இயலாது. 100 வாட் தகடு ஒன்றில் பெரும்பாலும் 18 வோல்ட், 22 வோல்ட் என இரு எண்கள் இருக்கும். 12 என்பது அளவன்று. 12 வோல்ட் பேட்டரியோடு இணைக்கத்தக்கது என்பதைக் குறிக்கும் பெயர் மட்டுமே.

22 வோல்ட் என்பது எதனோடும் இணைக்கப்படாமல் தகடு வெறுமனே வெயிலில் கிடக்கும்போது காட்டும் மின்னழுத்தம். இதனைத் திறந்த சுற்று மின்னழுத்தம் என்பர். அப்போது மின்னோட்டம் இல்லை. ஆதலால் திறனும் இல்லை. 18 வோல்ட் என்பது தகடு தன் முழுத்திறனை வழங்கும் நிலையில் இருக்கும் மின்னழுத்தம். அந்நிலையில் அது ஏறத்தாழ 5.5 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரும். இரண்டையும் பெருக்கினால் 100 வாட் கிடைக்கிறது. இந்நிலைக்குப் பெருமத் திறன் புள்ளி என்று பெயர்.

புதிதாகத் தகடு வாங்கியோர் பலரும் இங்கே ஏமாறுவர். மேகம் மூடிய காலைப்பொழுதில் பல்நோக்கு அளவியைத் தகட்டின் முனைகளில் வைத்துப் பார்ப்பர். அது 19 அல்லது 20 வோல்ட் காட்டும். ‘தகடு நன்றாக வேலை செய்கிறது’ என்று மகிழ்வர். மாலையில் பேட்டரி நிரம்பாதிருப்பது கண்டு குழம்புவர். ஒளி குறையும்போது மின்னோட்டம் அதே விகிதத்தில் குறைகிறது. மின்னழுத்தமோ மிகச் சிறிதளவே குறைகிறது. வீட்டின் மேல்நிலைத் தொட்டியை எண்ணிப் பாருங்கள். தொட்டியின் உயரம் மின்னழுத்தத்திற்கு ஒப்பு. குழாயில் வரும் நீர் மின்னோட்டத்திற்கு ஒப்பு. தொட்டி உயரத்தில்தான் இருக்கிறது. குழாய் அடைத்திருந்தால் குடம் நிரம்புமா? தகட்டின் நலனை அறிய விரும்புவோர் மின்னழுத்தத்தோடு மின்னோட்டத்தையும் அளக்க வேண்டும்.

வெப்பம் மற்றொரு செய்தி. வெயில் கூடினால் மின்சாரம் கூடும் என்பது உண்மை. சூடு கூடினால் கூடும் என்பது பொய். தாளில் உள்ள எண்கள் மின்கலத்தின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது அளந்தவை. வெப்பமண்டலக் கடலின் நண்பகலில் தகடு 60 டிகிரியை எட்டுவது இயல்பு. ஒவ்வொரு டிகிரிக்கும் பெருமத் திறன் புள்ளியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறையும் எனக் கொண்டால், 35 டிகிரி உயர்வுக்கு 14 விழுக்காடு இழப்பாகும். 18 வோல்ட் 15.5 வோல்ட் ஆகிவிடும். தகட்டைப் படகின் தளத்தோடு ஒட்டிப் பதிக்காமல், காற்றுப் புகும்படி சற்று உயர்த்திப் பொருத்துவோர் இதனை அறிந்தவர்களே.

பேட்டரியின் பசி

இனி மறுமுனைக்கு வருவோம். 12 வோல்ட் எனப்படும் ஈய-அமில பேட்டரி முழுதும் நிரம்பி ஓய்வில் இருக்கும்போது 12.6 முதல் 12.7 வோல்ட் வரை காட்டும். ஏறத்தாழ 12.1 அல்லது 12.2 வோல்ட் என்றால் பாதி காலி என்று பொருள். ஆனால் அதனை நிரப்ப அதைவிட உயர்ந்த மின்னழுத்தம் தேவை. மேட்டு நீரே பள்ளத்திற்குப் பாயும். ஆகவே நிரப்பும்போது 14.4 வோல்ட் அளவுக்கு உயர்த்த வேண்டியுள்ளது. வெப்பத்தால் குறைந்தது போக, கம்பியில் இழந்தது போக, 14.4 எஞ்சியிருக்க வேண்டும் என்பதற்காகவே ‘12 வோல்ட்’ தகடு 18 வோல்ட் அளவில் அமைக்கப்படுகிறது.

குடத்தில் நீர் பிடிப்பவர் முதலில் குழாயை முழுதும் திறப்பார், கழுத்தை நெருங்கும்போது குறைப்பார், நிரம்பியதும் நிறுத்துவார். பேட்டரிக்கும் இம்மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் கிடைக்கும் மின்னோட்டம் முழுவதும் உள்ளே செல்லும். இரண்டாம் நிலையில் மின்னழுத்தத்தை 14.4 வோல்ட்டில் நிறுத்திப் பிடிக்க, பேட்டரி தானே மெல்ல மெல்ல மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். மூன்றாம் நிலையில் 13.5 வோல்ட் அளவில் வைத்துப் பேண வேண்டும்.

இந்த ஒழுங்கு தவறினால் இருபுறமும் கேடு. மிகுந்தால், பேட்டரியினுள் உள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றோட்டமற்ற படகு அறையில் அது தீப்பற்றி வெடிக்கும் இடர் உடையது. குறைந்தால், ஈயத் தகடுகளின்மேல் சல்பேட் படிந்து இறுகும். பேட்டரியின் கொள்ளளவு நாளடைவில் சுருங்கும். முன்னது உடனே அச்சுறுத்தும். பின்னது ஓசையின்றி அழிக்கும். படகுகளில் பேட்டரிகள் காலத்திற்கு முன்பே மடிவதற்குப் பின்னதே பெரிதும் காரணமாகிறது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இப்போது படகுகளில் பரவிவருகின்றன. நான்கு மின்கலங்கள் சேர்ந்து 12.8 வோல்ட் தரும் இவை எடை குறைந்தவை. பாதி நிரம்பிய நிலையிலும் கெடுவதில்லை. ஆயினும் உறைநிலைக்குக் கீழ் இவற்றை மின்னேற்றக் கூடாது. ஈய-அமில பேட்டரிக்கு வகுத்த அளவுகளை இவற்றிற்கு அப்படியே பொருத்துவதும் தவறு.

தெரியுமா?

கட்டுப்படுத்தும் கருவியே வேண்டாம் என்னும் நோக்கில், 36க்கு மாற்றாக ஏறத்தாழ 30 மின்கலங்களை மட்டுமே கொண்ட தகடுகள் முற்காலத்தில் விற்கப்பட்டன. பேட்டரி நிரம்ப நிரம்ப அதன் மின்னழுத்தம் உயர்ந்து, தகட்டின் தாழ்ந்த மின்னழுத்தத்தோடு சமனாகி, மின்னோட்டம் தானே அடங்கிவிடும் என்பது கணக்கு. குளிர்நாட்டில் ஓரளவு பொருந்திய இக்கணக்கு, வெப்பமண்டலத்தில் பொய்த்தது. 15 வோல்ட் தகடு சூட்டில் 13 வோல்ட் ஆனபின் பேட்டரியை நிரப்புவது எங்ஙனம்?

இடையில் நிற்கும் கருவி

வெயிலுக்கும் மேகத்திற்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருப்பது தகடு. குறித்த அளவைக் குறித்த நேரத்தில் கேட்பது பேட்டரி. இவ்விரண்டையும் இணக்கப்படுத்துவது மின்னேற்றக் கட்டுப்படுத்தி. இரவில் பேட்டரியிலிருந்து மின்னோட்டம் தகட்டை நோக்கிப் பின்னோடாமல் தடுப்பதும் அதன் கடமையே.

இதில் இருவகை உண்டு. முதல்வகை துடிப்பகலக் கட்டுப்படுத்தி; கடைகளில் பி.டபிள்யூ.எம். என்று கேட்டால் கிடைக்கும். இது அடிப்படையில் மிக விரைவாகத் திறந்து மூடும் ஒரு மின்கதவு. கதவு திறந்திருக்கும்போது தகடு பேட்டரியோடு நேரே இணைகிறது. அப்போது 18 வோல்ட்டில் இயங்க விரும்பும் தகடு, பேட்டரியின் 12.5 வோல்ட்டுக்கு இறங்கிவந்துவிடுகிறது. மின்னோட்டம் 5.5 ஆம்பியரே. 12.5 வோல்ட்டை 5.5 ஆம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ 69 வாட். எஞ்சிய 31 வாட் எவருக்கும் பயன்படாமற்போகிறது.

இரண்டாம் வகை பெருமத் திறன் புள்ளியைத் தேடிப் பின்தொடரும் கட்டுப்படுத்தி, இதனை எம்.பி.பி.டி. என்பர். தகட்டை 18 வோல்ட்டிலேயே இயங்கவிட்டு, அங்குக் கிடைத்த திறனைப் பேட்டரிக்கு ஏற்ற தாழ்ந்த மின்னழுத்தமாகவும் உயர்ந்த மின்னோட்டமாகவும் இது மாற்றித் தருகிறது. 5 விழுக்காடு இழப்புப் போக 95 வாட், அதனை 12.5 வோல்ட்டால் வகுத்தால் 7.6 ஆம்பியர். உள்ளே வந்தது 5.5 ஆம்பியர், வெளியே சென்றது 7.6 ஆம்பியர் என்பது மாயம்போல் தோன்றும். மாயம் ஒன்றுமில்லை. மின்னோட்டம் கூடியது, மின்னழுத்தம் குறைந்தது, திறன் சற்றுக் குறைந்ததேயன்றிக் கூடவில்லை. ஆற்றல் அழிவின்மை விதிக்கு இங்கும் விலக்கில்லை.

அப்படியாயின் எல்லாப் படகுகளுக்கும் விலைகூடிய இரண்டாம் வகையே சிறந்ததா? விளம்பரங்கள் அவ்வாறே கூறும். கணக்கு வேறு கூறுகிறது. வெப்பமண்டல நண்பகல், தகடு சூடேறி 15.5 வோல்ட்டில் நிற்கிறது. பேட்டரி நிரம்பும் தறுவாயில் 14.2 வோல்ட்டில் இருக்கிறது எனக் கொள்க. இரண்டாம் வகை ஏறத்தாழ 5.7 ஆம்பியர் தரும். முதல் வகை 5.5 ஆம்பியர் தரும். வேறுபாடு புறக்கணிக்கத்தக்கது. 36 மின்கலத் தகடு ஒன்றை மட்டும் வைத்து, நங்கூரமிட்ட படகின் பேட்டரியைப் பேண விரும்புபவருக்கு முதல் வகையே போதும். ஆனால் வீட்டுக் கூரைக்கென அமைந்த 60 மின்கலத் தகட்டை வாங்கிப் படகில் பொருத்தினால் நிலைமை தலைகீழாகும். அதன் இயங்கு மின்னழுத்தம் ஏறத்தாழ 31 வோல்ட். முதல் வகைக் கருவி அதனை 13 வோல்ட்டுக்கு இழுத்துத் திறனில் பாதிக்கு மேல் வீணாக்கும். அங்கே இரண்டாம் வகை இன்றியமையாதது. குளிர்க்கடல்களிலும், பேட்டரி மிகவும் இறங்கியிருக்கும் விடியற்காலையிலும் அதன் சிறப்பு வெளிப்படும்.

பாய்மரத்தின் நிழல்

வீட்டுக் கூரைக்கும் படகிற்கும் உள்ள பெரிய வேறுபாடு நிழல். கூரையின் நிழல் நாள்தோறும் ஒரே வழியில் நகரும். படகிலோ பாய்மரம், பாய், கயிறு யாவும் நிழல் வீழ்த்தும். படகு திசை மாறும்போதெல்லாம் நிழலும் இடம் மாறும். கயிற்றின் நிழல் மெல்லிய கோடுதானே என்று எண்ணுதல் கூடாது. 36 மின்கலங்களும் தொடரிணைப்பில் இருப்பதால், ஒரே மின்னோட்டம் அனைத்தின் வழியாகவும் சென்றாக வேண்டும். வரிசையில் நின்று செங்கல்லைக் கைமாற்றும் வேலையாள்களில் ஒருவர் தளர்ந்தால் வரிசை முழுவதும் தளர்வதுபோல, ஒரு மின்கலம் நிழலுற்றால் அதன் கோவையிலுள்ள அனைத்தும் தளரும். நிழலுற்ற கோவையைச் சுற்றி மின்னோட்டம் செல்ல மாற்றுவழி தரும் டையோடுகள் தகட்டில் உள்ளன. 36 மின்கலத் தகட்டில் பெரும்பாலும் இரண்டு டையோடுகளே இருக்கும். ஆகவே சிறுநிழல்கூடப் பாதித் தகட்டைப் பறித்துவிடும். எஞ்சிய பாதி தரும் 9 வோல்ட்டால் பேட்டரி நிரம்பாது.

இக்காரணத்தால் படகில் தகடுகளைப் பக்க இணைப்பில் இணைப்பதோ, இடப்புறத் தகட்டுக்கும் வலப்புறத் தகட்டுக்கும் தனித்தனிக் கட்டுப்படுத்தி வைப்பதோ நலம். ஒன்று நிழலில் சோர்ந்தாலும் மற்றது உழைக்கும். பக்க இணைப்பில் மின்னோட்டம் கூடுவதால் கம்பி தடித்திருக்க வேண்டும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. நான்கு தகடுகளின் 22 ஆம்பியர் மின்னோட்டம், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பியில் 10 மீட்டர் சென்று மீள்வதாகக் கொண்டால், வழியிலேயே ஏறத்தாழ 1.9 வோல்ட் இழக்கப்படும். 400 வாட்டில் 40 வாட்டுக்கு மேல் கம்பியைச் சூடாக்கவே செலவாகும். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்து அரிக்கும். ஆதலின் வெள்ளீயம் பூசிய கம்பியே கடலுக்கு ஏற்றது.

தொடரிணைப்பில் இணைத்தால் கம்பி மெலிதாக இருக்கலாம். ஆனால் மற்றோர் இடர் காத்திருக்கும். ஒவ்வொரு கட்டுப்படுத்திக்கும் தாங்கத்தக்க உச்ச மின்னழுத்தம் உண்டு. 75 வோல்ட் தாங்கும் கருவியில் 22.5 வோல்ட் திறந்த சுற்று மின்னழுத்தமுடைய மூன்று தகடுகளைக் கோத்தால் 67.5 வோல்ட். கோவாவில் இது தீங்கற்றது. குளிர் கூடும்போது மின்னழுத்தம் உயரும் என்பதை மறவாதீர்கள். ஹார்ன் முனையை நெருங்கும் கடலில், உறைநிலையை ஒட்டிய விடியலில், அது ஏறத்தாழ 72.5 வோல்ட்டை எட்டும். எல்லைக்கும் அதற்கும் இடையே எஞ்சுவது மிகச் சிறிது. எல்லையைக் கடந்தால் கருவியின் உள்ளுறுப்பு ஒரு நொடியில் கருகும். இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டியது இயங்கு மின்னழுத்தத்தை அன்று. திறந்த சுற்று மின்னழுத்தத்தையே.

இணைக்கும் வரிசையும் பொருளுடையது. முதலில் பேட்டரியைக் கட்டுப்படுத்தியோடு இணைத்து, பின்னரே தகட்டை இணைக்க வேண்டும். தான் காக்க வேண்டியது 12 வோல்ட் அமைப்பா, 24 வோல்ட் அமைப்பா என்பதைப் பல கருவிகள் பேட்டரியைக் கொண்டே அறிகின்றன. கழற்றும்போது தகட்டை முதலில் கழற்ற வேண்டும். பேட்டரியின் அருகே மின்னுருகி வைப்பதைத் தவிர்க்கவே கூடாது.

ஒரு நாளின் கணக்கு

தானியங்கிச் சுக்கான் சராசரியாக 2.5 ஆம்பியர் எடுத்தால் 24 மணி நேரத்திற்கு 60 ஆம்பியர்-மணி. 4 ஆம்பியர் குளிர்பெட்டி நாளில் பாதி நேரம் ஓடினால் 48. இடங்காட்டி, வானொலி முதலியவற்றிற்கு 24. விளக்குகளுக்கு 8. ஆக 140 ஆம்பியர்-மணி. 12 வோல்ட்டால் பெருக்கினால் 1680 வாட்-மணி. வரவைப் பார்ப்போம். 400 வாட் தகடுகள்; முழு வெயிலுக்கு ஈடான 5 மணி நேரம்; நிழல், சூடு, கம்பி ஆகியவற்றின் இழப்பு 30 விழுக்காடு. 400ஐ 5ஆலும் 0.7ஆலும் பெருக்கக் கிடைப்பது 1400 வாட்-மணி. நாளொன்றுக்கு 280 வாட்-மணி துண்டு விழுகிறது. முதல் நாள் இரவு எவரும் இதனை உணரார். பேட்டரியின் இருப்பிலிருந்து அது கழிந்துகொண்டே வரும், ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, விடியலுக்கு முந்தைய இருளில், சுக்கான் தயங்கும், விளக்கு மங்கும்.

கணக்கிட்டவர் அதற்கு முன்பே குளிர்பெட்டியின் ஓட்டத்தைப் பாதியாக்கியிருப்பார். அதனால் மிஞ்சுவது 24 ஆம்பியர்-மணி, அதாவது 288 வாட்-மணி. பற்றாக்குறை ஏறத்தாழ சரியாகிவிடும். மேகம் மூடிய நாளாயின் குளிர்பெட்டியை முற்றிலும் நிறுத்தி, அதிலுள்ளதை அன்றே சமைத்து உண்டுவிடுவர். விளக்கையும் வானொலியையும் கடைசிவரை தொடார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள சூரிய ஒளித்தகட்டின் பின்புறத் தாளில் உள்ள எண்களைக் குறித்துவந்து, ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்பதை வகுப்பில் விளக்குக.

2. திறந்த சுற்று மின்னழுத்தம் 38 வோல்ட் உடைய இரு தகடுகளை, 75 வோல்ட் தாங்கும் கட்டுப்படுத்தியோடு தொடரிணைப்பில் இணைக்கலாமா? காரணம் கூறுக.

3. பாடத்தில் வந்துள்ள மின்னியல் கலைச்சொற்களைத் தொகுத்து, அவற்றுள் எவை உங்கள் ஊர் மின்பணியாளர்களின் பேச்சில் வேறு சொற்களால் வழங்குகின்றன எனக் கேட்டறிந்து பட்டியலிடுக.